ஆவரசுக் கவ்வாத்து

ஜெயபுரத்தில் யாருக்காவது பைத்தியம் பிடித்தால் அந்தச் செய்தி முதலில் கூட்டுறவுச் சங்கக்கடைக்குத்தான் வரும். இடம்பெயர்ந்து திரிந்த வருடங்களைக் கழித்தாலும் நான் அந்தக் கடையில் இருபது வருடம் மனேச்சராக இருந்தவன். ஆகவே, ஆண்டியப்பனின் பெண்சாதி மீனம்மா தன் காணியில் ஆவரசு நடுகிறாள் என்ற செய்தியும் என்னிடம்தான் முதலில் வந்தது. அதை மாவுக்கும் சீனிக்கும் வந்தவர்களிடம் சொல்லி ஊர் முழுக்கப் பரப்பியவனும் நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு எங்கள் ஊர் நடராசா வந்து, "நீரும்தானே சிரிச்சனீர்" என்று குத்திக்காட்டத் தேவையில்லை.

ஆவரசு என்றால் ஆவாரை; ரோட்டோரத்திலும் தரவை வெளியிலும் மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நிற்குமே, அந்தப் பற்றைதான். மாடு நாக்கு வைக்காது. யானைகூட மணந்து பார்த்துவிட்டு விலகிப் போகும். சர்க்கரை வருத்தக்காரர் சிலர் இலையும் பூவும் காயவைத்து அவித்துக் குடிப்பார்கள். மற்றபடி காணி துப்புரவாக்கும்போது முதலில் வெட்டி எரிப்பது அதைத்தான். அதைப் போய் ஒருத்தி வரிசை வரிசையாக நட்டால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

ஆனால் மீனம்மாவுக்குக் கிடைத்த காணி அப்படி. குளத்துக்குக் கீழே இருக்கிற வயல்களெல்லாம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய எங்கள் ஆட்களுக்கு. எண்பத்துமூன்றுக் கலவரத்தில் அடிபட்டு மலையகத்திலிருந்து வந்து சேர்ந்தவர்களுக்கு மேட்டுக்காணி. மீனம்மா தாய் தகப்பனோடு லொறியில் வந்து இறங்கியபோது அவளுக்குப் பதினைந்து வயது. பிரித்துக் கொடுத்தவர்களை இப்போது கேட்டுப் பயனில்லை; கேட்கக் கூடாது என்றும் இல்லை. மேட்டுக்காணி என்றால் இரண்டு ஏக்கர் கிரவல் மண். குளத்துத் தண்ணீர் மேலே ஏறாது. அவர்கள் போட்ட மரவள்ளியைப் பன்றி கிளறியது, வாழையை யானை முறித்தது, உழுந்தை வெயில் எடுத்தது. ஆண்டியப்பன் எங்கள் வயல்களுக்கே கூலிக்கு வந்து காலத்தைத் தள்ளினான். நல்ல வேலைக்காரன். நாளுக்கு நாலு சொல்லுக்கு மேல் பேசமாட்டான்.

மகள் சுகந்தினி கொழும்பில் ஒரு பெரிய கடையில் சாமான் அடுக்குகிற வேலை பார்த்தாள். ஒரு சித்திரை விடுமுறைக்கு வந்தவள் கையில் சின்னக் கடதாசிப் பெட்டி ஒன்றைக் கொண்டு வந்தாள்.

"அம்மா, எங்கட ரோட்டில நிக்கிற ஆவரசைப் பெட்டியில அடைச்சு அங்க விக்கினம். சனம் போட்டிபோட்டு வாங்குது."

மீனம்மா பெட்டியை உடைத்து, ஒரு இலையை வாயில் போட்டு மென்று துப்பினாளாம்.

"முத்துன எல. கொழுந்து எடுக்கத் தெரியாதவங்க எடுத்தது."

எல்லாம் அந்த ஒரு சொல்லில்தான் தொடங்கியது. தேயிலை மாதிரி ஆவரசையும் வரிசையில் நட்டு, மட்டமாக வெட்டி, தளிரை மட்டும் எடுத்தால் என்ன என்று தாயும் மகளும் இருந்து யோசித்திருக்கிறார்கள். சுகந்தினி கொழும்பு வேலையை விட்டுவிட்டு வந்துவிட, இருவரும் தரவைக்குப் போய் நெற்றுப் பொறுக்கினார்கள். பையில் நாற்றுப் போட்டார்கள். காணியின் சரிவுக்குக் குறுக்கே கயிறு பிடித்து நட்டார்கள். மூன்று வருடத்தில் அது ஆளுயரம் வளர்ந்து பரட்டைத் தலையாக நின்றது. உள்ளே வரிசை இருப்பது நட்டவளுக்குத்தான் தெரியும்.

அப்போதுதான் காணிப்பகுதியிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. வைகாசி மாதம். மீனம்மா அதைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தாள். மா வாங்க வந்த நடராசாவும் அங்கே நின்றார். அவர் எங்கள் கமக்காரர் அமைப்பின், அதாவது விவசாயிகள் சங்கத்தின், தலைவர். வாய் கொஞ்சம் நீளம்.

"மனேச்சரய்யா, இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. சுகந்தினி கிளிநொச்சிக்குப் போயிருக்கு."

படித்தேன். காணியைப் பார்வையிட்டபோது அது பற்றைக்காடாகக் காணப்பட்டது, பயிர்ச்செய்கை இல்லை, தை மாதம் மறுபடி பார்வையிடப்படும், அப்போதும் பயிர் இல்லையென்றால் காணியின் அனுமதிப்பத்திரம் ரத்தாகும். பார்த்து எழுதியவரில் நான் குற்றம் சொல்லமாட்டேன். நான் போயிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

"பத்தக்காடா?" என்றாள் மீனம்மா. "ஒவ்வொரு குழியும் நான் வெட்டுனதுங்க."

"பிள்ளை, நான் சொல்லுறன் எண்டு குறை நினையாதையும்," என்றார் நடராசா. "முழுக்க வெட்டி எரிச்சுப்போட்டு மாரியோட உழுந்தைப் போடும். வந்து பாக்கிறவனுக்கு ஒரு பயிர் தெரிய வேணும். கிரவல்காரர் இப்பவே உம்மட மேட்டைச் சுத்திச் சுத்தி வாறாங்கள். பெர்மிட் போச்சுதெண்டால் பெக்கோ மிசினை விட்டுக் கிண்டிக்கொண்டு போயிடுவாங்கள். வீட்டுக்கு முன்னால பள்ளம்தான் கிடக்கும்."

"உழுந்து அஞ்சு தரம் போட்டாச்சுங்கய்யா. அஞ்சு தரமும் கருகிப் போச்சு."

"அப்ப என்னதான் செய்யப் போறீர்?"

மீனம்மா கடிதத்தை வாங்கி மடித்தாள். "கவ்வாத்து வெட்டப் போறேன்," என்றாள்.

எனக்கும் நடராசாவுக்கும் அந்தச் சொல் தெரியாது. அவள்தான் விளக்கினாள். தேயிலைச் செடி உயர்ந்துவிட்டால் முழங்கால் உயரத்துக்கு மேலே உள்ளதை வெட்டிவிடுவார்களாம். அதிலிருந்து புதுக் கொப்புகள் வெடித்து, செடி மேசைபோலப் பரந்து வருமாம். அவளுடைய தகப்பன் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டிய ஆள்.

"கெடுகுடி சொற்கேளாது," என்றார் நடராசா, அவள் போனபிறகு. நான் தலையாட்டினேன்.

அவள் கிளிநொச்சியில் ஒரு பட்டறையில் தரையில் கீறிக் காட்டி வளைந்த கத்தியொன்று அடிப்பித்தாள். ஆனி பிறந்ததும் வெட்டத் தொடங்கினாள். நான் சைக்கிளை வேலியோடு சாத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொப்பை இடக்கையால் வளைத்து, கத்தியை மேல்நோக்கிச் சரிவாக ஒரே இழுவை. இரண்டாவது வெட்டு இல்லை. வெட்டுவாயில் ஒரு பிசிறும் இல்லை. அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்தால் ஐம்பத்தைந்து வயதுப் பெண் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆறு நாளில் ஒரு ஏக்கர் முழங்கால் உயரத் தடிகளாகிவிட்டது. வெட்டிய கொப்புகளை, மாடு தின்னாத சாமான் என்று, நடராசா தன் மாட்டுப்பட்டிக்கு வேலி அடைக்க உழவு இயந்திரப் பெட்டியில் இரண்டு தடவை ஏற்றிப் போனார்.

அதன்பிறகு கச்சான் காற்று எழும்பியது. தென்மேற்கிலிருந்து வருகிற அந்தக் காற்றை வன்னியில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரவும் பகலும் புழுதியை வாரி அடிக்கும். கொடியில் போட்ட சேலை ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடும், உதடு வெடித்துவிடும். வெட்டிய தடிகளில் நெல்மணி அளவில் முளை வந்தது. வந்த முளை மூன்றாம் நாள் கருகியது. ஆடி நடுப்பகுதியில் தடிகளின் பட்டை வெயில்பட்ட பக்கம் வெடித்து உரிந்தது. ஊர்ச்சனம் வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. கிரவல் லொறிக்காரர் ஒருவர் வந்து காணியின் நீள அகலத்தைக் காலடியால் அளந்ததையும் பார்த்தவர்கள் உண்டு.

மனம் கேட்காமல் ஒரு பின்னேரம் போனேன். கொட்டிலுக்குள் சுகந்தினி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அம்மியில் கட்டச் சம்பல். ஆண்டியப்பன் வாசலில் குந்தியிருந்தான். மீனம்மா எழும்பிக் கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு மறுபடி நிலத்தில் உட்கார்ந்தாள்.

"என் புத்தியச் செருப்பால அடிக்கணும் மனேச்சரய்யா," என்றாள்.

"ஏன், என்ன நடந்தது?"

"கவ்வாத்துன்னா ஆனி. எங்கப்பா ஆனியிலதான் வெட்டுவாரு. வெட்டி முடிக்கவும் தென்மேல் மழை பிடிச்சுக்கும். மூணு மாசம் தூறிக்கிட்டே கெடக்கும், பனி மூடிக்கும். இங்க நாப்பது வருசமா இருக்கேன். ஆனியில மழை வராது, கச்சான்தான் வரும்னு எனக்குத் தெரியாதா? நெல்லுன்னா கரெக்டா சொல்லுவேன். கத்திய எடுத்ததும் நான் மலையில நின்னுட்டேங்க. கை அந்த மாசத்தத்தான் சொல்லுச்சு."

"அம்மா, நான் அப்பவே கேட்டனான்," என்றாள் சுகந்தினி, ரொட்டியைப் புரட்டியபடி. "இந்த வெயிலுக்குள்ள என்னண்டு துளிர்க்கும் எண்டு. நீங்கள்தான், ‘ஒனக்குத் தெரியாது, தேயிலை நீ பாக்கல்ல’ எண்டு வாயை அடைச்சனீங்கள்."

"ஆமாடி. இப்பச் சொல்லிக் காட்டு."

"சொல்லிக் காட்டேல்லை. தைக்கு இன்னும் அஞ்சு மாசம் கிடக்கு. என்ன செய்யலாம் எண்டு யோசியுங்கோ."

"என்னத்த யோசிக்கிறது? செடி செத்துப் போச்சு. மண்ணத் தோண்டிக்கிட்டுப் போகட்டும். நம்ம விதி, எங்க போனாலும் மண்ணு நமக்கு இல்ல."

அவள் குரல் உடைந்துவிட்டது. ஊரெல்லாம் சிரித்த சிரிப்பில் என் பங்கும் இருந்ததே. அந்த நேரம் வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. ஆண்டியப்பன் பேசினான்.

"மூடலையே."

"என்னது?"

"வெட்டுன செடிய நீ மூடலையே."

மீனம்மா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் நிலத்தைப் பார்த்தபடியே சொன்னான். "எங்க தோட்டத்துல ஆம்பளைக வெட்டிக்கிட்டுப் போவாங்க. பின்னாடி பொம்பளைக வந்து, வெட்டுன கொப்பையே எடுத்து அந்தச் செடி தலையில பரப்பி வைப்பாங்க. வெயில் பட்டா பட்டை வெடிச்சுடும்னு. எங்கம்மாவுக்கு அந்த வேல."

"நான் பாக்கலயே. நான் அப்பாவுக்குப் பத்து மணித் தேத்தண்ணி கொண்டு போவேன், வெட்டுறதப் பாப்பேன், வந்துடுவேன்." அவள் எழும்பி நின்றாள். "இத வெட்டும்போதே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேக்கல."

"கேக்கலையா? கேக்கலையாம் மனேச்சரய்யா!" அவள் அழுகையும் சிரிப்புமாகக் கத்தினாள். சுகந்தினி ரொட்டித் தாச்சியை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். "முப்பது வருசம் குடும்பம் நடத்துனவன். வாயத் தொறந்தா முத்து கொட்டிடும்னு வெச்சிருக்கான்!"

"வேற?" என்றேன் நான் ஆண்டியப்பனிடம். "வேற ஏதும் தெரியுமோ? இப்ப கேக்கிறம், சொல்லு."

அவன் கொஞ்சம் யோசித்தான். "காஞ்ச மலைப்பக்கம் முழுக்க வெட்டமாட்டாங்க. ஒரு கொப்பை மூச்சுக்கு விடுவாங்க. தளுத்தப்புறம் அதையும் எடுத்துடுவாங்க."

மீனம்மா நகத்தால் ஒரு தடியைச் சுரண்டிப் பார்க்க ஓடினாள். நாங்களும் பின்னால் போனோம். பட்டைக்குக் கீழே, அடிப்பக்கத்தில் பச்சை இருந்தது. அடுத்ததிலும் இருந்தது. அதற்கடுத்தது செத்திருந்தது. ஐந்துக்கு நாலு உயிரோடு நின்றன.

மூடுவதற்குக் கொப்பு வேண்டுமே. அது நடராசாவின் பட்டிவேலியில் இருக்கிறது. அன்றைக்கே போனோம். நடராசா மாட்டைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"கட்டின வேலியைப் பிடுங்கச் சொல்லுறீரோ?"

"ஆமாங்கய்யா."

"நல்லாயிருக்குக் கதை. செத்த தடிக்குச் சேலை கட்டப் போறீரோ?"

மீனம்மா கோபப்படவில்லை. "நீங்க மிளகா நாத்து மேடைக்கு ஓலக் கெடுகு வைப்பீங்களே, எதுக்குங்க?"

"வெயிலுக்கு."

"அதே வெயிலுதான் எனக்கும் அடிக்குது."

நடராசா மாட்டைக் கட்டி முடித்துவிட்டுத் திரும்பினார். அவரை எத்தனையோ ஏசலாம். ஆனால் கமக்காரன் என்பதில் குறை சொல்ல முடியாது. பயிர்க்கணக்கு என்றால் எதிரி சொன்னாலும் அவருக்கு விளங்கும். நேரே போய் வேலியின் முதல் கட்டை அவரே அவிழ்த்தார். அவரது உழவு இயந்திரம் அந்தக் கொப்புகளை மறுபடி மேட்டுக்கு ஏற்றியது. மறுநாள் கேட்காமலே தண்ணீர்த் தாங்கியையும் இழுத்துக்கொண்டு வந்தார்.

"இது உமக்கில்லை. மாட்டுக்குக் கொண்டு வந்த மிச்சம்," என்றார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத மனுசன்.

அந்த ஆடி மாதம் அவர்கள் பட்ட பாட்டை நான் கண்ணால் கண்டவன். காற்று தூக்கி எறிந்த கொப்புகளை விடியப்புறம் எழும்பி மறுபடி மறுபடி பரப்பினார்கள். கல்லை வைத்து அழுத்தினார்கள். பின்னேரங்களில் ஆளுக்கு இரண்டு வாளி. செடிக்கு ஒரு சிரட்டை தண்ணீர், அவ்வளவுதான். ஆண்டியப்பன் பகலில் கூலி வேலை முடித்து வந்து இருட்டும்வரை தண்ணீர் சுமந்தான். கடையைப் பூட்டிவிட்டு நானும் போனேன். வாளிகளைக் காவிய தடி அழுத்திய தழும்பு என் தோளில் இன்னும் இருக்கிறது. அதைக் காட்டித்தான் இப்போதும் பெருமையடிக்கிறேன்.

ஆவணி இரண்டாம் கிழமை. கடையில் சனம் நின்ற நேரம் ஆண்டியப்பன் வந்தான். சேட்டுப் பையிலிருந்து எதையோ எடுத்துத் தராசுத் தட்டில் வைத்தான். விரல் நீளத்தில் ஒரு துளிர். இளம் பச்சை, நுனியில் செம்பு நிறம்.

"நிறுங்க," என்றான்.

தராசு அசையவில்லை. நான் எழும்பிப் போய் அவனைக் கட்டிப் பிடித்தேன். கடைக்குள் நின்ற சனம் முழுவதும் அந்த ஒரு துளிரைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தது.

மிச்ச ஒரு ஏக்கரை மீனம்மா புரட்டாதியில் வெட்டினாள். இந்தமுறை வன்னியின் மழையைக் கணக்குப் பார்த்து, செடிக்கு ஒரு கொப்பு மூச்சுக்கு விட்டு வெட்டினாள்; வெட்ட வெட்டப் பின்னால் ஆண்டியப்பன் மூடிக்கொண்டு வந்தான். செத்த இடங்களில் நாற்று வைத்தார்கள். ஐப்பசியில் மாரி இறங்கியது. பிறகு அந்தச் செடிகளைப் பிடிக்க முடியவில்லை. காலையில் பார்த்த உயரம் பின்னேரம் இல்லை. மீனம்மா காட்டுக்குப் போய் நேரான கம்பொன்று வெட்டிவந்தாள். ஆளை விட நீளம். அதைச் செடிகளின் தலையில் படுக்க வைத்து, கம்புக்கு மேலே நிற்கிற தளிரை மட்டும் கிள்ளினாள்.

"இது மட்டக்கம்பு. கம்புக்கு மேல உள்ளது நமக்கு, கீழ உள்ளது செடிக்கு," என்று மேட்டுக்காணிப் பெண்கள் எட்டுப் பேருக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

சுகந்தினி தடிகளும் பொலித்தீனும் கொண்டு காய வைக்கிற கொட்டிலொன்று அடித்தாள். வெயில் உள்ளே வரும், மழை வராது. தட்டுத் தட்டாக இலை. பச்சை மாறாமல் காய்ந்த அந்தத் தளிரில் அவள் ஊற்றித் தந்த முதல் கோப்பையைப் பனங்கட்டியோடு நானும் நடராசாவும் குடித்தோம். பொன்நிறம். கசப்பு மருந்துக்கும் இல்லை. நடராசா இரண்டாவது கோப்பைக்கு வாய் திறந்து கேட்கவில்லை. வெறுங்கோப்பையை நீட்டிக்கொண்டே இருந்தார். கொழும்புக் கடைக்கு முதல் பெட்டி அனுப்பிய கிழமையே அடுத்ததைக் கேட்டு ஆள் வந்தது.

பொங்கல் முடிந்து நாலாம் நாள் காணிப்பகுதியிலிருந்து பிரதாபன் என்ற இளம் உத்தியோகத்தர் மோட்டார்சைக்கிளில் வந்தார். மரியாதையான பெடியன். சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் காணிக்குள் கால் வைத்தார். நாங்களெல்லாம் வேலியோடு நின்றோம்.

இரண்டு ஏக்கரும் ஒரே பச்சைப் பாயாகக் கிடந்தது. அங்கங்கே விட்ட பூ மஞ்சளாக நின்றது. எங்களுக்குப் பார்க்க அழகு. அவருடைய முகத்தில்தான் யோசனை.

"அம்மா, குறை நினைக்காதேங்கோ. இது ஆவரசு. காட்டில தன்பாட்டில வளருற செடி. வரிசை தெரிஞ்சாலும் பரவாயில்லை, எல்லாம் ஒண்டோட ஒண்டு சேர்ந்துபோய்க் கிடக்கு. முந்தி பற்றைக்காடு எண்டு எழுதியிருக்கு. இப்ப நான் பயிர் எண்டு எழுதினால் மேல கேப்பினம், நட்டதுக்கு என்ன அத்தாட்சி எண்டு. நான் என்ன சொல்லுறது?"

செடி செழித்து வரிசையை மூடியதே இப்போது வினையாகிவிட்டதே! நடராசா வாயெடுத்தார். சுகந்தினி கொட்டிலைக் காட்டக் கையை நீட்டினாள். மீனம்மா இருவரையும் பார்க்கவில்லை. மட்டக்கம்பை எடுத்து வந்து உத்தியோகத்தரின் கையில் கொடுத்தாள்.

"எந்த எடத்துல வேணும்னாலும் வையுங்கய்யா. நான் தொடல."

அவர் விளங்காமல் கம்பைச் செடிகளின் மேல் படுக்க வைத்தார். கம்பு மேசையில் கிடப்பதுபோல் ஆடாமல் கிடந்தது. குனிந்து பார்த்தார். கீழே ஒரு விரல் இடைவெளி இல்லை. பத்தடி தள்ளி வைத்தார். அங்கேயும் அதே. காணியின் நடுவுக்குப் போனார். பிறகு தூர மூலைக்கு, காட்டோரமாய் உள்ள கடைசி வரிசைக்கு விறுவிறென்று நடந்தார். அங்கேயும் வைத்துக் கன்னத்தைக் கம்போடு சாத்திப் பார்த்தார். அவருக்குப் பின்னால் நடராசாவும் வேட்டியை மடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"ஐயா," என்றாள் மீனம்மா, இங்கே நின்றபடியே, சத்தமாக. "காடு மட்டமா வளருமாங்க?"

பிரதாபன் கம்பைக் கையில் பிடித்தபடி சிரித்தார். திரும்பி வந்து, மோட்டார்சைக்கிள் இருக்கையில் தாளை வைத்து எழுதி, ஒரு பிரதியை அவளிடம் கொடுத்தார்.

"மீனம்மா," என்றார் நடராசா, "எனக்கும் குளத்துக்கட்டுக்கு மேல ஒரு ஏக்கர் ஆவரசு மண்டிச் சும்மா கிடக்கு. வாற ஆனியில ஒருக்கா வந்து வெட்டிக் காட்டித் தாங்கோவன்."

"புரட்டாசிங்கய்யா," என்றாள் அவள். "ஆனி இல்ல. அது பட்டுத் தெரிஞ்சது."

பிறகு தாளை என்னிடம் நீட்டினாள். சுகந்தினி பக்கத்தில்தான் நின்றாள். ஆனாலும் என்னிடம்தான் நீட்டினாள்.

"பழைய கடுதாசிய நீங்கதான படிச்சீங்க. இதையும் நீங்களே படிங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். "நிலையான பயிர்ச்செய்கை. ஆவரசு. இரண்டு ஏக்கர். மட்டக்கம்பு வைத்துப் பார்க்கப்பட்டது. அனுமதிப்பத்திரம் தொடரலாம்."

கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த பெண்கள் கை நிறுத்தி நின்றார்கள். அப்போது எனக்குப் பின்னாலிருந்து ஆண்டியப்பன் சொன்னான்.

"இன்னொருக்கா படிங்க மனேச்சரய்யா. சத்தமா. கீழ வயல் வரைக்கும் கேக்கணும்."

நான் காணியின் உயர்ந்த இடத்தில் ஏறி நின்று, குளத்துப் பக்கம் முகத்தைத் திருப்பி, தொண்டை கிழியப் படித்தேன்.